சிறப்பு ஆசிரியர் ஒருவர் உள்ளார்

அச்சகத்தில் அவளுக்குக் ‘கத்தரி’ என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள். அழைப்பிதழில் ‘விழாவினைச் சிறப்புடன் சிறப்பித்துச் சிறப்பிக்குமாறு’ என்று வந்தால், ஓரத்தில் சிவப்பு மையால் ‘ஒரு சிறப்பு போதும்’ என்று எழுதி அனுப்பிவிடுவாள். அதற்காக வாடிக்கையாளர்களே வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். அவள் மசிந்ததில்லை.

இருபத்திரண்டு வருஷமாக அங்கே புரூஃப் பார்க்கிறாள். ஜன்னலோர மேஜை, மேலே ஒரு குழல்விளக்கு, பின்னால் இயந்திர அறை. இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேஜையும் சேர்ந்து நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே நேர்கோடு போடக் கையைப் பழக்கி வைத்திருந்தாள். வருஷத்தில் மூன்று மாதம் பள்ளிக்கூடங்களின் சேர்க்கைக் கையேடுகள்தான் வேலை. அந்த மூன்று மாதமும் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள்.

பின்னே, கோபம் வராதா? நான்கு பள்ளிகளின் கையேடுகள் மேஜைக்கு வரும். நான்கிலும் ‘தலைமை ஆசிரியரின் இதயத்திலிருந்து’ என்று ஒரு பக்கம். நான்கு இதயத்திலும் ஒரே வாக்கியம், காற்புள்ளி கூட மாறாது. ஒருமுறை ஒரு பள்ளியின் கையேட்டுக்கு நடுவில் வேறொரு பள்ளியின் பெயரே உட்கார்ந்திருந்தது. கொண்டுவந்தவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “அந்தப் பேரை மட்டும் மாத்திடுங்க” என்றார்.

முதலாளியிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் தொழில் நடத்துகிறவர். “எழுத்துப் பிழையை மட்டும் பாரும்மா. பொய்யைப் பார்க்கிறதுக்கு இங்க ஆள் போடல” என்று சொல்லிவிட்டார்.

அப்படி ஆற்றாமையோடு இருந்தவளுக்குக் கிடைத்ததுதான் இணையக் கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதை வேண்டுமானாலும் திருத்தலாம், முதலாளி கிடையாது. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒரு பள்ளியைப் பற்றிய கட்டுரையைத் திறந்தாள். திறந்தால் அவள் காலையில் புரூஃப் பார்த்த கையேடு அங்கே அப்படியே இருக்கிறது. ஈயடிச்சான் காப்பி. ‘எங்கள் பள்ளி’, ‘உங்கள் செல்லக் குழந்தை’, ‘உலகத் தரம்’, ‘தாயுள்ளம்’ எல்லாம் வரிசையாக. கடைசியில் ‘பக்கத்தின் மேலே செல்ல இங்கே அழுத்தவும்’ என்பதையும் சேர்த்து ஒட்டி வைத்திருந்தான் ஒரு புண்ணியவான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே ஒரு கணக்கு தொடங்கி வெட்ட ஆரம்பித்தாள்.

ஆறு வருஷத்தில் நானூற்றுக்கு மேல் பள்ளிக் கட்டுரைகளைச் சுத்தம் செய்துவிட்டாள். பள்ளிக்காரர்கள் மறுபடி வந்து புகழ்ச்சியைக் கொட்டுவார்கள். இவள் மறுபடி வாருவாள். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வழிகாட்டிப் பக்கமே எழுதி வைத்தாள். அடைமொழியைக் கண்ட இடத்தில் நீக்கு, காப்பியடித்த வரியில் செய்தி இருந்தால் அதைச் சொந்த நடையில் எழுது, நேரில் பார்த்தேன், காதால் கேட்டேன் என்று யாராவது வந்தால் ஏற்காதே, அச்சில் வந்த சான்று கேள் என்பதெல்லாம் அதில் இருந்தன. கலைக்களஞ்சியத்தில் அதை எல்லோரும் பின்பற்றினார்கள். இதில் அவளுக்குப் பெருமை உண்டு. பெருமை இல்லை என்று அவள் சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டுக்காரர் மின்தூக்கி பழுது பார்க்கிறவர். நாளெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வருகிறவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: “இன்னிக்கு எத்தனை பள்ளிக்கூடத்தைப் பெருக்கின? நம்ம வீட்டு ஒட்டடை ஒண்ணு பாக்கி இருக்கு, ஞாபகம் இருக்கா?” அவள் அடுத்த கட்டுரையைத் திறப்பாள். ஒட்டடையும் அப்படியே இருக்கும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கைக்கு ஒரே மகள். எட்டு வயது, இரண்டு காதிலும் கருவி. வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது ‘வாலு’ என்று. கருவி இருந்தாலும் வாலுவுக்குப் பாதிதான் கேட்கும். மீதியை எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். படித்துக்கொண்டிருந்த பள்ளியில் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு டீச்சர் இருந்தார். தினமும் இரண்டு பாடவேளை பக்கத்தில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, விட்டதையெல்லாம் சொல்லிக் கொடுப்பார். மூன்றே வருஷத்தில் வாலு வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் வந்திருந்தது.

தங்கை ஒரு ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். அவள் கணவர் கப்பலில். வருஷத்தில் பாதி நாள் கடலில். ஆய்வகம் நகரின் மறுகோடிக்கு மாறியது, தங்கையும் வீடு மாறினாள். பழைய பள்ளிக்கு இப்போது ஒன்றரை மணி நேரம் பஸ். புது வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் வேறொரு பள்ளி இருந்தது.

“அக்கா, வாலுவைப் பக்கத்து ஸ்கூல்லயே சேர்த்துட்டேன்” என்று ஒருநாள் போனில் சொன்னாள்.

“சேர்த்துட்டியா? நல்லா விசாரிச்சியா?”

“விசாரிக்க என்ன இருக்கு. உன் கலைக்களஞ்சியத்துலயே போட்டிருக்கே, காது கேட்காத பிள்ளைங்களுக்கு ஸ்பெஷல் டீச்சர் ஒருத்தர் இருக்காங்கன்னு. பேப்பர்லயும் வந்திருக்கு.”

சொன்னால் வெட்கக்கேடு. அதைக் கேட்டுக் கத்தரி பூரித்துப் போனாள். போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம், “ஒட்டடை ஒட்டடைன்னீங்களே, பாருங்க, நம்ம வீட்டுப் பிள்ளைக்கே உபயோகப்பட்டிருக்கு” என்றாள். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து வாலு பெரியம்மா வீட்டுக்கு இரண்டு நாள் தங்க வந்தது. சாப்பிடும்போது கத்தரி அதன் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: “உன் புது ஸ்பெஷல் டீச்சர் எப்படி? திட்டுவாங்களா?”

“எந்த டீச்சர் பெரியம்மா?”

“உன் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தருவாங்களே.”

“அப்படி யாரும் இல்லையே. ஒரே டீச்சர்தான். அவங்க போர்டைப் பார்த்துப் பேசுவாங்க. வாய் தெரியாது.”

நோட்டை எடுத்துப் பார்த்தாள். பாதி வாக்கியம், அப்புறம் வெற்றிடம். அடுத்த வரியில் இன்னொரு பாதி. சொல்வதெழுதுதல் பக்கத்தில் இருபதுக்கு மூன்று. பழைய பள்ளி நோட்டில் இருந்த குண்டுக் குண்டு எழுத்து இதில் சுருங்கிப் போயிருந்தது. தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவள் வகுப்பு டீச்சரிடம் கேட்டிருக்கிறாள், அவர் ‘எனக்குத் தெரியல, ஆபீஸ்ல கேளுங்க’ என்றாராம். லீவில் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று தங்கை தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டாள்.

‘எந்தப் பாவி எழுதினான் இதை?’ என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கத்தரி அந்தக் கட்டுரையைத் திறந்தாள். கலைக்களஞ்சியத்தில் ஒரு வசதி உண்டு: எந்த வரியை யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு எழுதினார்கள் என்று பின்னோக்கிப் பார்க்கலாம். பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு, மதியம் ஒன்று பன்னிரண்டுக்கு, எழுதியது அவளேதான்.

அதற்கு முந்தைய வடிவமும் அங்கேயே இருந்தது. பள்ளிக்காரர்கள் போட்டிருந்தது இது: ‘செவித்திறன் குன்றிய மழலைச் செல்வங்களையும் தனிப்பெரும் சிறப்புக் கவனத்துடன் அரவணைத்து அறிவொளி ஏற்றும் ஆசிரியப் பெருந்தகைகளைக் கொண்ட ஒப்பற்ற கல்விச் சோலை.’ அதுவும் சொந்தச் சரக்கு இல்லை. வேறொரு பள்ளியின் இணையதளத்திலிருந்து உருவியது. இப்போது அவளுக்கு அந்த மதியம் முழுசாக ஞாபகம் வந்தது. ஒன்றரைக்கு இயந்திரம் ஓட ஆரம்பித்துவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். காப்பி வரியை வைத்திருக்க முடியாது. சோலையை வெட்டினாள், அறிவொளியை வெட்டினாள், மழலைச் செல்வத்தை வெட்டினாள். மிச்சம் என்ன செய்தி என்று பார்த்தாள். சிறப்புக் கவனத்தோடு சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் என்றால் சிறப்பு ஆசிரியர்தானே? பெருந்தகைகள் என்று பன்மையில் பீற்றிக்கொள்கிறார்கள், ஒருவர்தான் இருப்பார். சொந்த நடையில் எழுதினாள்: ‘செவித்திறன் குறைந்த மாணவர்களுக்குச் சிறப்பு ஆசிரியர் ஒருவர் உள்ளார்.’

அந்த ஒருவரை அவள்தான் நியமித்திருக்கிறாள். பள்ளிக்காரர்கள் காற்றில் விட்ட பீற்றலை இவள் பிடித்து இறக்கி, முகம் கழுவி, நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவள் பிடித்தது குரங்கென்றுகூட யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு லட்சணமாக இருந்தது வாக்கியம்.

அழித்தாள். ஐந்து நிமிஷத்தில் வரி திரும்ப வந்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்தவர் ‘அளவுகோல்’ என்ற பெயரில் எழுதுகிறவர். யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாது, ஆனால் கறாரானவர், இவளுக்கு மிகவும் பிடித்தவர். ‘நாளிதழ்ச் சான்று உள்ள வரியை நீக்க வேண்டாம்’ என்று குறிப்பு எழுதியிருந்தார். நாளிதழைத் தேடிப் பார்த்தாள். போன வருஷம் வந்த சேர்க்கைச் சிறப்பிதழ். அதில் அவளுடைய வாக்கியம் ஒரு புள்ளி மாறாமல் இருந்தது. எங்கிருந்து எடுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அவளிடமிருந்து அவர்கள் எடுத்தார்கள். அவர்களைக் காட்டி இன்னொருவர் அவள் வரிக்கே சான்று போட்டுவிட்டார்.

இதையெல்லாம் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் விளக்கி எழுதினாள். அப்படி ஆசிரியர் யாரும் இல்லை, எனக்கு நேரடியாகத் தெரியும் என்றும் எழுதினாள். அளவுகோல் பணிவாகப் பதில் போட்டார்: ‘நேரில் அறிந்தது சான்றாகாது என்பது நீங்கள் எழுதிய வழிகாட்டியிலேயே உள்ளது. நாளிதழ் விசாரிக்காமல் வெளியிடும் என்று நாமாக முடிவு செய்ய முடியாது. மேலும், முதலில் எழுதியவர் நீங்கள். இப்போது தவறு என்கிறீர்கள். அப்படியானால் அன்று எதை வைத்து எழுதினீர்கள்?’

அதைப் படித்துவிட்டுப் போனை மெத்தையில் வீசினாள். எழுந்து போய் ஒட்டடைக் குச்சியை எடுத்து முன்னறை மூலையெல்லாம் அடித்துத் தள்ளினாள். வீட்டுக்காரர் நாற்காலியை ஓசையில்லாமல் நகர்த்திக்கொண்டார். கிண்டல் செய்யும் நேரம் இதில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. காப்பியடித்தவன் மேலும் கையேட்டுக்காரன் மேலும்கூட வராத அளவு கோபம் அவளுக்குத் தன் மேலேயே வந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

தங்கை அதற்குள் பழைய பள்ளியைக் கேட்டிருந்தாள். நடு வருஷத்தில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, ஆனால் புதுப் பள்ளியில் அந்த வசதி இல்லை என்று அவர்கள் எழுத்தில் கொடுத்தால்தான் மேலிடம் ஒப்புக்கொள்ளும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்றார்கள். பஸ் ஒன்றரை மணி நேரமானால் என்ன, இரண்டு மணி நேரமானாலும் கூட்டிப் போகிறேன் என்று தங்கை சொல்லிவிட்டாள். ஒரு கடிதம்தான் வேண்டும். அதை வாங்க வியாழக்கிழமை அக்காளையும் துணைக்குக் கூப்பிட்டாள். எழுதியது தான்தான் என்பதைக் கத்தரி அதுவரை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் வேறு எதையாவது பேசிவிட்டாள்.

தலைமை ஆசிரியையின் அறை சின்னது. கண்ணாடி அலமாரியில் பெயர் எழுதாத கோப்பைகள், மேஜை மேல் வருகைப் பதிவேடுகள், மூலையில் கணினியோடு ஒரு கிளார்க். தலைமை ஆசிரியை மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் கேட்டார்.

“எங்ககிட்ட அப்படி டீச்சர் இல்லைங்கிறது உண்மைதாம்மா. ஆனா இருக்குன்னு நாங்க சொன்னதே இல்லையே. இல்லைன்னு இப்ப எழுதிக் கொடுத்தா, ஏதோ முதல்ல இருக்குன்னு சொல்லி ஏமாத்தின மாதிரி ஆயிடும்.”

தங்கை பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். கலைக்களஞ்சியப் பக்கத்தின் அச்சு. அந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தாள். “அப்ப இது என்ன மேடம்?”

“இதுவா? இதைத் தூக்கிட்டு மாசத்துக்கு ரெண்டு பேராவது வர்றாங்க. யாரு அந்த டீச்சர்னு நாங்களே எங்களுக்குள்ள கேட்டுக்கிட்டிருக்கோம். இது நாங்க எழுதினதில்லம்மா. நாங்க எழுதினதை யாரோ அழிச்சுட்டாங்க.”

“மூணு நாள் உட்கார்ந்து எழுதினது மேடம்” என்றார் மூலையிலிருந்த கிளார்க், வருத்தத்தோடு. “எவ்வளவு அழகா இருந்துச்சு.”

மூன்று நாளா, அடப்பாவி, இன்னொருத்தன் பக்கத்தை ஒட்டுவதற்கு மூன்று நிமிஷம் ஆகுமா என்று கத்தரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். அதைச் சொல்லும் யோக்கியதை அந்த அறையில் அவளுக்கு இல்லை.

“எழுதினவங்க யாரோ, அவங்கள போய்க் கேளுங்க. அவங்க வந்து நான்தான் தப்பா எழுதிட்டேன்னு சொன்னா, நானும் கடிதம் கொடுக்கிறேன்” என்றார் தலைமை ஆசிரியை. பேச்சு முடிந்தது என்பதுபோல் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார்.

தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. “முகம் தெரியாத ஆளை நான் எங்க போய்த் தேடுவேன் மேடம்? நாளைக்கு வெள்ளிக்கிழமை.”

“நான்தான் எழுதினேன்” என்றாள் கத்தரி.

தங்கை திரும்பிப் பார்த்தாள். தலைமை ஆசிரியையும் பார்த்தார்.

“நீங்களா? எங்க ஸ்கூலுக்கு வந்து பார்த்தீங்களா?”

“இல்ல.”

“போன் பண்ணிக் கேட்டீங்களா?”

“இல்ல.”

“அப்ப ஒருத்தர்னு எப்படி எண்ணினீங்க?”

மின்விசிறி ஒரு தாளைத் தூக்கியது; அதை எடுத்து வைக்கும் சாக்கில் குனிந்துகொண்டாள்.

எழுதித் தரச் சொன்னார்கள். வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, என்ன எழுத வேண்டும் என்று கிளார்க்கே வாசகம் சொன்னார். இரண்டு வருஷத்து வருத்தத்தை அவர் அன்றைக்குத் தீர்த்துக்கொண்டார். “‘கல்விச் சேவையில் தன்னிகரற்று விளங்கும் பெருமைமிகு இப்பள்ளியைப் பற்றி’ன்னு ஆரம்பிங்க. ‘பெருமைமிகு’ விட்டுடாதீங்க. ‘எவ்வித ஆதாரமும் இன்றி, உண்மைக்குப் புறம்பாக, இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் எழுதியமைக்கு’... போட்டீங்களா?” போட்டாள். தன்னிகரற்று, பெருமைமிகு, போற்றுதலுக்குரிய, ஒன்றையும் விடவில்லை. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் எழுதியதில் அடித்த கை, அன்றைக்கு ஒரு எழுத்தைக்கூட அடிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டது.

அவர்கள் கடிதம் இரண்டே வரி. தலைமை ஆசிரியையே எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். ‘எங்கள் பள்ளியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கான சிறப்பு ஆசிரியர் இல்லை. இம்மாணவியை விடுவிப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.’ வகுப்பிலிருந்து வாலுவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். புத்தகப் பையோடு வந்து நின்ற பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, “பழைய ஸ்கூலுக்கே போறோம்” என்றாள் தங்கை. வாலு உடனே கேட்டது, “என் டீச்சர் இருக்காங்களா?” இருக்கிறார்கள் என்று தலையாட்டியதும் வாசலை நோக்கி முதலில் நடந்தது அதுதான்.

பழைய பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. வாலு ஜன்னல் பக்கம், நடுவில் தங்கை, இந்தப் பக்கம் கத்தரி. தங்கை கடிதத்தை மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தாள். ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது அக்காளுக்கு.

நாலைந்து நிறுத்தம் தாண்டித்தான் கேட்டாள்: “அந்த வரி இன்னும் இருக்காக்கா?”

“இருக்கு.”

“எடுத்துடு. இன்னொருத்தி பிள்ளையைக் கூட்டிட்டு வந்துடப் போறா.”

“எடுத்தேன். திரும்பப் போட்டுட்டாங்க. பேப்பர்ல வந்திருக்குன்னு சொல்றாங்க.”

“இந்தக் கடிதத்தைக் காட்டேன். சீல் இருக்கே.”

“இது அச்சுல வந்தது இல்ல. ஏத்துக்க மாட்டாங்க.”

“யாரு போட்ட சட்டம் அது?”

கத்தரி போனைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தாள். தங்கை சட்டென்று புரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, “முதல்ல ஸ்கூல்ல என்னதான் எழுதியிருந்தாங்க?” என்றாள்.

அக்காள் போனில் பழைய வடிவத்தை எடுத்துக் கொடுத்தாள். மழலைச் செல்வங்கள், தனிப்பெரும் சிறப்புக் கவனம், ஆசிரியப் பெருந்தகைகள், ஒப்பற்ற கல்விச் சோலை. தங்கை அதை மெதுவாக, ஒரு சொல் விடாமல் படித்தாள். படித்துவிட்டுப் போனை அக்காள் கையிலேயே திரும்ப வைத்தாள்.

“இதை இப்படியே விட்டிருக்கலாமேக்கா. ஒரு வார்த்தை நம்பியிருக்க மாட்டேன்.”